அண்ணாந்து பார்க்கிற வேலை

விடுமுறை நாளில் காலை பஸ்ஸில் கண்ணாடி என்கிறவள் வருவாள். அது தெரிந்து, அந்த வாரத்துக் கைவேலையை எல்லாம் அந்த நாளுக்கென்றே தையல்காரி ஒதுக்கி வைத்திருப்பாள். காஜா எடுப்பது, பொத்தான் வைப்பது, கொக்கி, ஓரம் மடித்துத் தைப்பது. மெஷினை மிதித்தால் உள்ளறையில் பேசுவது காதில் விழாது. ஊசிக்குச் சத்தம் கிடையாது.

வீடு மொத்தமே இரண்டு அறையும் ஒரு அடுக்களையும். தெருவைப் பார்த்த முன்னறைதான் தையல் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற பலகை, மூலையில் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மறைப்பு. உள்ளறைக்குக் கதவு இருந்தது. ஒரு மழைக்கு உப்பிப்போய் மூடமாட்டேன் என்று அடம் பிடித்ததால் அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டுத் திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டிருந்தாள். சீலைக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவள் புருஷனும் கண்ணாடியும்.

புருஷன் பஸ் பணிமனையில் ஃபிட்டர். சண்டைக்கு ஆள் எடுத்தபோது, இரும்பும் கிரீஸும் பழகியவன் என்று விமானத்தைச் சுடுகிற பீரங்கியில் போட்டார்கள். லாரி முதுகில் ஏற்றிய இரட்டைக்குழல் பீரங்கி, அதற்கு அவன் தலைவன். குறி பார்க்கிறவள் கண்ணாடி. சண்டைக்கு முன்னால் நகரசபையில் நிலம் அளந்துகொண்டிருந்தவள், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். கண் தெரியாதவளுக்கா குறி பார்க்கிற வேலை என்று சிரித்தார்கள்; பழகுவதற்காகப் பறக்கவிட்ட பலூனை முதல் தடவையிலேயே சுட்டுக் கிழித்து அவர்கள் வாயை அடைத்தாள். தோட்டா ஊட்டுகிறவன் ஒருத்தன். பீரங்கிக்கு ஊட்டிய நேரம் போகத் தனக்கும் ஊட்டிக்கொண்டே இருந்ததால் அவன் பெயர் தடியன். லாரி ஓட்டுகிறவர் ஒருவர். அவ்வளவுதான் ஆள்.

ஒரு வருஷத்துக்கு மேலாக அவர்கள் ஊர் ஓரத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். ஒரு விமானமும் வரவில்லை. 'அண்ணாந்தான் படை' என்று ஊர் பெயர் வைத்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு மழை வருமா என்று பார்க்கிறார்கள் என்றார்கள். தையல்காரிக்கு அந்தக் கேலியெல்லாம் தேனாக இருந்தது. ஊர் சிரிக்கிற வேலையில் புருஷன் இருந்தால் உயிரோடு இருப்பான். மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் தூக்கில் எடுத்துக்கொண்டு நடந்தே போவாள். தன் பங்கைத் தின்றுவிட்டு அடுத்தவன் பங்கை எட்டிப் பார்க்கிற தடியனுக்காகக் கூடவே இரண்டு முட்டை வைப்பாள். விமானம் என்ன, இந்த முட்டைக்காகக் கொசு வந்தாலும் சுட்டுவிடுவேன் என்பான் அவன். அந்த நாட்களில் கண்ணாடியும் அங்கேதான் இருந்தாள். அப்போது அவளைப் பார்த்துத் தையல்காரிக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

பிறகு முன்வரிசை உடைந்தது. காலாட்படை பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. அது ஆற்றைக் கடக்கும்வரை செங்கல் சூளைப் பக்கத்துச் சாலையை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தது அண்ணாந்தான் படைதான். வானத்தைப் பார்த்த குழலைத் தரைக்குத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினார்கள், நாட்கணக்கில் நின்றார்கள், காலாட்படை கடந்தது. தடியன் வரவில்லை. லாரி ஓட்டியவர் காது கேட்காமல் போய்த் தன் ஊருக்குப் போனார். கண்ணாடிக்கு இடது கை பிறகு நீளவே இல்லை. ஃபிட்டர் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லவில்லை.

வந்தவன் பேசவில்லை. பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. ரொட்டி தீய்ந்த வாடை அடிக்கிறது என்பான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பான். மெஷின் பெல்ட் தளர்ந்திருப்பதை அவள் சொல்லாமலே பார்த்து இறுக்கிக் கொடுத்தான். அந்தச் சூளையில் என்ன நடந்தது என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்றான், கோபம் இல்லாமல், மேலே இருக்கிற கனமான பெட்டியை நீ தூக்காதே என்கிற மாதிரி. போகப் போகச் சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் பொறுத்தாள்.

அந்த நேரத்தில்தான் பயிற்சி முகாமிலிருந்து ஆள் வந்தது. விமானம் சுடப் பழகிய படைகளை எல்லாம் இனித் தரைச் சண்டைக்கும் அனுப்பப் போகிறார்களாம். ஏற்கெனவே அதில் நின்று மீண்டவர்கள், கற்றுக்கொண்டதைப் புதியவர்களுக்கு வந்து சொல்ல வேண்டுமாம். ஃபிட்டர் காலைக் காட்டித் தள்ளிப்போட்டான். அடுத்த விடுமுறை நாளில் கண்ணாடி வந்தாள். எதைச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம் என்றாள்.

முதல் நாளே தையல்காரியிடம் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் ஒன்று கேட்டு வாங்கினாள். உள்ளறைத் தரையில் சூளையையும் சாலையையும் ஆற்றையும் போட்டாள். நிலம் அளந்த கை. கோடு ஒன்று பிசகவில்லை. பொத்தான் டப்பாவும் உள்ளே போனது. பொத்தான்கள் ஆட்கள். நூல்கண்டு பீரங்கி. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. அது என்ன என்று புரியத் தையல்காரிக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் புருஷன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கண்ணாடி அவனை 'ஃபிட்டர்' என்றுதான் கூப்பிடுவாள். 'அண்ணே' என்று கூப்பிட்டிருந்தால் பாதி எரிச்சல் அடங்கியிருக்கும். தையல்காரியை மட்டும் வாய் நிறைய 'அக்கா' என்பாள். அது இன்னும் மோசம். தனக்குத் தங்கை என்றால் அவனுக்குக் கொழுந்தியா அல்லவா. முறை வைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சட்டை அளவு கொடுக்க வந்த ரொட்டிக்கடைக்காரி சீலைப் பக்கம் கண்ணைக் காட்டி, என்ன இது வாராவாரம் என்று கேட்டாள். படை வேலை என்றாள் தையல்காரி. ரொட்டிக்கடைக்காரி கையைத் தூக்கி நின்றபடியே, படை வேலைக்குப் பாய் எதற்கு, மேஜை போதாதா என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தையல்காரி அக்குள் அளவை ஒரு விரல் இறுக்கிக் குறித்துக்கொண்டாள்.

தப்பாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். சீலையின் ஒட்டு பிரிந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தும் விட்டாள். இருவரும் தரையில் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குந்தியிருந்தார்கள். அவன் ஒரு பொத்தானை நகர்த்தினான், அவள் அதைப் பழையபடி இழுத்தாள். தப்பு நடந்திருந்தால் கூடத் தேவலை என்று பட்டது. அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, தெருவில் நின்று கத்தலாம். இதற்கு வார்த்தை இல்லை. தன்னிடம் ரொட்டி தீய்ந்ததை மட்டும் சொல்கிறவன் இவளிடம் எல்லாவற்றையும் சொல்கிறான் என்று யாரிடம் போய்க் கத்துவது?

அதனால் ஊசியைக் கையில் எடுத்தாள். சீலையைத் தாண்டி வருகிற ஒவ்வொரு சொல்லையும் பொறுக்கினாள்.

லாரி மேலேயே வைத்துச் சுட்டதை முதலில் சொல்ல வேண்டும் என்பாள் கண்ணாடி. அவன் வெட்கமாக இருக்கிறது என்பான். வெட்கப்படுகிற இடத்தில்தான் பாடம் இருக்கிறது என்பாள் அவள். விமானத்துக்காக எப்போதும் உயரத்தில் ஏறி நின்று பழகியவர்கள், தரைச் சண்டையிலும் அதே மாதிரி நின்றார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தவன் எல்லாம் அவர்களைப் பார்த்தான். லாரி போனது. பீரங்கியை இறக்கி, குழல் மட்டும் தெரிகிற ஆழத்துக்குக் குழி தோண்டியது அதற்கு அப்புறம்தான். சுட்டால் கிளம்புகிற புழுதியே எதிரிக்கு வழி காட்டுகிறது என்று தெரிந்ததும் சூளைச் சாக்கை எல்லாம் ஆற்றில் நனைத்துக் குழலுக்கு முன்னால் விரித்தார்கள். ஒரே குழியில் இருந்து இரண்டு தடவை சுடக்கூடாது என்றும், அதனால் அடுத்த குழியைத் தோண்டிவிட்டுத்தான் முதல் குழியில் சுட வேண்டும் என்றும் தெரிந்துகொண்டார்கள். குழல் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. மேட்டடியில் ஊர்ந்து வருகிறவனை அது தொடாது. அந்த இடத்துக்குத் துப்பாக்கியோடு ஆள் வேண்டும். அவர்களுடைய துப்பாக்கிகள் லாரியில் கம்பளிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தன.

"வானத்துல வர்றவன் ஒளிய முடியாது. எங்க போவான்னு கணக்குப் போட்டுச் சுட்டுடலாம்" என்று ஒருநாள் அவன் சொல்வது கேட்டது. "தரையில வர்றவனுக்கு ஒவ்வொரு புதரும் வீடு. நாம அவசரப்பட்டோம். காத்திருக்கப் பழகல."

"நீங்க காத்திருந்தீங்க. நான்தான் அவசரப்பட்டேன்" என்றாள் கண்ணாடி.

"தடியன் தோட்டாவை எண்ணி எண்ணிக் குடுத்தானே. தன் வீட்டு ரொட்டி மாதிரி."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற இடத்தில் அவன் அழ ஆரம்பித்தான். தையல்காரி புருஷன் அழுது அதுவரை பார்த்ததில்லை. ஊசி விரலில் ஏறியது. அவள் எழுந்து போயிருக்கலாம், சீலை என்ன கதவா. ஆனால் உள்ளே கண்ணாடி ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அந்த மௌனம் இவளுக்குத் தெரியாத பாஷையில் இருந்தது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு விடுமுறை நாளில், ஃபிட்டர் கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டான். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கண்ணாடி முன்னறையில் வந்து உட்கார்ந்தாள். தையல்காரி அவனுக்கு ஒரு புதுச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி சும்மா இருக்க முடியாமல் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்குப் போட்டிருந்ததும் இதே துணிதானேக்கா? நல்ல கெட்டி. ஃபிட்டர் தன்னோட சட்டைக் கையக் கிழிச்சுத்தான் எனக்குக் கட்டுப் போட்டாரு. ஆஸ்பத்திரியில டாக்டரே கேட்டாரு, யாரு தச்சதுன்னு."

புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். தையல்காரியின் கை நின்றது. ஊன்றுகோலோடு அவன் வந்த அன்று சட்டையில் ஒரு கை இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயோ மாட்டிக் கிழிந்துவிட்டது என்றான். அந்தச் சட்டைக்கு அவள் தோளில் இரட்டைத் தையல் போட்டிருந்தாள், சண்டையில் போட்டுக்கொள்ளப் போகிற சட்டை என்று.

"அவரு தோளுக்குன்னு போட்ட தையல் அது" என்றாள். "இனிமே இங்க வராதீங்க."

கண்ணாடிக்குப் புரியவில்லை.

"பேச வேண்டியது இருந்தா முகாம்ல பேசிக்கோங்க. இது குடும்பம் நடக்கிற வீடு."

கண்ணாடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது இல்லாமல் அவள் முகம் சின்னப் பெண் முகம் மாதிரி இருந்தது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையோடு இறங்கிப் போனாள். குடை இருந்தது. தையல்காரி எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் கண்ணாடி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஃபிட்டர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள், அதற்கென்று வாய் கொள்ளாமல் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து தரையில் இருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டுவதற்காகத் துடைப்பத்தோடு போன தையல்காரி கோட்டைச் சுற்றிக் கூட்டிவிட்டு வந்தாள். விடுமுறை நாள் வந்தால் பழக்கத்தில் கைவேலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சீலைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷன் மனசுக்குள் போக அவளுக்கென்று இருந்த ஒரே வழி அந்தக் கண்ணாடிக்காரியின் காதுதான். அதையும் தன் கையாலேயே அடைத்தாயிற்று.

இப்படி இருக்கையில் அவள் தம்பிக்கு அழைப்பு வந்தது. பக்கத்து ஊரில் எலெக்ட்ரிஷியன், கல்யாணம் ஆகி வருஷம் திரும்பவில்லை. ஒயர் தெரிந்தவன் என்று அவனையும் விமானம் சுடுகிற பீரங்கியில்தான் போட்டிருந்தார்கள், நேரே முன்வரிசைக்கு. அவன் பிழைத்து வந்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்குக் கடைசிவரை அதே நினைப்பாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

பஸ் ஏறுவதற்கு முன் சொல்லிக்கொண்டு போக வந்தான். தையல்காரி முட்டை பொரித்து, உருளைக்கிழங்கு வதக்கி, ரொட்டி சுட்டு வைத்தாள். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்றான்.

"மாமா, நீங்க நின்னுட்டு வந்தவரு. எனக்கு ஏதாவது சொல்லுங்க."

ஃபிட்டர் அவனைப் பார்க்கவில்லை. "அங்க சொல்லித் தருவாங்க" என்றான்.

"அங்க சொல்லித் தர்றவங்க யாரும் நின்னதில்லயாம் மாமா."

ஃபிட்டர் கட்டிலில் திரும்பி உட்கார்ந்தான். தம்பி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுச் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தையல்காரிக்கு ரத்தம் கொதித்தது. வேறு எவளிடமோ மாதக்கணக்கில் பேசியதில் தன் தம்பிக்கு ஒரு சொல் கொடுக்க இவனுக்கு மனம் வரவில்லை. வெட்டுப் பலகையில் இருந்த துணியை ஒதுக்கித் தள்ளினாள். சாக்பீஸை எடுத்தாள்.

"உக்காருடா. தின்னுக்கிட்டே கேளு. இது ரோடு. இது சூளை. இது ஆறு."

கண்ணாடி போட்ட அதே கோடுகள். பலகையில் தம்பியின் தட்டைச் சுற்றி அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி மேல் வைத்துச் சுடாதே, இறக்கு, குழி தோண்டு. எந்த அதிகாரி அவசரப்படுத்தினாலும் அடுத்த குழி தோண்டாமல் முதல் குழியில் சுடாதே. சாக்கை நனைத்துப் போடு. தோட்டாவைக் கஞ்சன் மாதிரி செலவு பண்ணு. உன் துப்பாக்கியைக் கம்பளிக்கு அடியில் போட்டுவிடாதே, தினமும் துடை. குழலுக்குக் கீழே, இதோ இந்த மேட்டடியில், உங்கள் ஆள் இருக்கிறானா என்று பார்த்த பிறகு தூங்கு. தம்பி வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு மெல்லாமல் கேட்டான். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

"கடைசியா ஒண்ணு. தரையில எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் ஒருத்தன் மேலயே பாத்துக்கிட்டிருக்கணும். அதுதான் உங்க வேலை, அத மறந்துடாதீங்க. உங்க மாமா ஆளுங்கள கடைசி நாள்ல தரை வழியா யாரும் தொடல. சின்னதா ஒரு ட்ரோன், தட்டு அளவு, மேல இருந்து பறந்து வந்துச்சு. புகை மறச்சதால யாரும் பாக்கல. அதுலதான் தடியன்…"

"புகை இல்ல."

ஃபிட்டர் சீலையை விலக்கிக்கொண்டு நின்றான். ஊன்றுகோல் இல்லை. சட்டத்தைப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. பலகையில் இருந்த கோடுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான்.

"அன்னைக்கு வானம் கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. கேட்டுக்கோ. மேல பாக்கிறவன் கீழ பாக்கக் கூடாது. பக்கத்துல எவன் கத்தினாலும் பாக்கக் கூடாது. கத்துறவன் உன் கூடப் பொறந்தவனா இருந்தாலும் அண்ணாந்தே இரு. அவன மத்தவங்க பாத்துப்பாங்க. ஆள் பத்தலன்னாலும் நீ குனியாத. மத்ததெல்லாம் உங்கக்கா சொன்னது சரி. தோட்டா மட்டும், கஞ்சத்தனம் முத நாள்லேருந்தே வேணும்."

தம்பி தலையாட்டினான். தையல்காரி அவனைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஃபிட்டர் முன்னறையில் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்திருந்தான். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்க" என்றான்.

"ஆமா. எங்கிட்ட சொல்லலியே."

அவன் பலகையில் இருந்த கோடு ஒன்றை விரலால் தடவினான். பிறகு சொன்னான். குரல் சாதாரணமாக இருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரல்.

"மேல பாக்க முறை வச்சிருந்தோம். அந்த நேரம் என் முறை. எங்கேயோ விழுந்த குண்டோட சில்லு கையில பட்டுக் கண்ணாடி கத்தினா. திரும்பிப் பாத்தேன், ரத்தம் கொட்டுது. கட்ட ஒண்ணும் இல்ல. சட்டைக் கையப் பிடிச்சு இழுத்தேன். கிழியல. ரெட்டைத் தையல் போட்டிருந்தியே. பல்லால கடிச்சு இழுத்தேன். வந்துச்சு. கட்டிட்டு நிமிந்தா, அது தடியன் தலைக்கு மேல நிக்குது. அவன் எனக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் பெட்டியத் தூக்கிட்டு இருந்தான்."

அவன் அவளைக் குறை சொல்லவில்லை. நடந்ததை நடந்த மாதிரி சொன்னான். அதனால்தான் அது அவள் மேல் முழுக்க விழுந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"அவ மயங்கிட்டா. புகைன்னு சொல்லி வச்சிருக்கேன். தன்னைப் பாக்கப் போய்த்தான் தடியன் போனான்னு தெரிஞ்சா அவ இருக்க மாட்டா. அதனாலதான் முகாமுக்குப் போகல. போனா மொதல்ல சொல்ல வேண்டியது அதுதான். பக்கத்துல அவ நிப்பா. ஏன் கீழ பாத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" சற்று நிறுத்தி, "உங்கிட்டயும் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

மாதக்கணக்கில் சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பசித்துக் கிடந்தது இதற்குத்தான். கண்ணாடிக்குக் கூடக் கிடைக்காதது, அவளுக்கு மட்டும். கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அதற்குள்ளும் ஒரு மூலையில் எரிச்சல் எட்டிப் பார்த்தது. கண்ணாடி கத்தியதும் திரும்பினானே. நான் கத்தியிருந்தால் திரும்பியிருப்பானா? இப்படி நினைக்கிற தன்னை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நினைத்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஃபிட்டர் பணிமனையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது உண்டா என்று கேட்கப் போயிருந்த நேரம், கண்ணாடி வந்தாள். உள்ளே வரவில்லை. படிக்குக் கீழே நின்றாள். வரக்கூடாது என்று சொன்னதை மறக்கவில்லை, ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

முகாமில் அவளைத் தனியாகவே வந்து பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்களாம். எல்லாம் சரியாக இருக்கிறது, கடைசி நாள் மட்டும் ஒட்டவில்லை என்றாள். நிலம் அளந்த புத்தி அவளுக்கு. காற்று ஆற்றுப் பக்கமாக வீசியது. புகை சூளைக்கு வந்திருக்க முடியாது. யோசிக்க யோசிக்க வேறு ஒன்று தோன்றுகிறதாம். பல வாரமாகத் தூக்கம் இல்லையாம்.

"ஃபிட்டர்கிட்ட கேட்டப்பல்லாம் புகைன்னுதான் சொன்னாரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாராக்கா?"

தையல்காரி அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் இவள் இந்தத் தெருப் பக்கம் மட்டுமல்ல, எந்தப் பக்கமும் இனி வரமாட்டாள். இடது கை மடங்கினபடி வயிற்றோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு கையால் அவள் எப்படிச் சட்டைப் பொத்தான் போடுகிறாள் என்று அதுவரை தையல்காரி நினைத்துப் பார்த்ததே இல்லை. மேல் பொத்தான் இரண்டும் மாறிப் போட்டிருந்தது.

"சொன்னாரு" என்றாள்.

கண்ணாடியின் முகத்தில் எல்லாம் நின்றுபோனது.

"புகைதானாம். காத்து நடுவுல ஒரு தடவ திரும்புச்சாம். நீங்க மயங்கிக் கிடந்தீங்களாமே, உங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரு அண்ணாந்து பாத்துக்கிட்டுதான் இருந்தாங்களாம், கண்ணுக்கே தெரியலியாம். உங்களுக்குக் கட்டுப் போட்டது அதுக்கப்புறந்தானாம். எந்தம்பி கேட்டான்னு அன்னைக்குத்தான் எல்லாத்தையும் சொன்னாரு."

கண்ணாடி படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். வெகுநேரமாகத் தண்ணீருக்குள் இருந்தவள் மாதிரி மூச்சு விட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே அழுதாள். தையல்காரி இறங்கி வந்து, பக்கத்தில் உட்காராமல், எதிரே நின்றாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, மாறிப் போட்டிருந்த இரண்டு பொத்தானையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"அவரு எங்கிட்ட எதையாவது மறைப்பாரு" என்றாள் கண்ணாடி. "நான் நொந்துடக் கூடாதுன்னு. உங்ககிட்ட மட்டும் பொய் சொல்ல மாட்டாரு. சண்டை நடந்த அத்தனை நாளும் வாயத் தொறந்தா உங்க பேச்சுதான். எனக்குப் பொறாமையாவே இருக்கும்கா. அதனாலதான் உங்ககிட்டயே வந்து கேட்டேன்."

"ஆமா" என்றாள் தையல்காரி. "எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு."

தெருவில் ரொட்டிக்கடைக்காரி நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

"உள்ள வாங்க. அவரு வர்ற நேரந்தான். டீ போடுறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடி எழுந்துகொள்ள ஒரு கையைக் கொடுத்தாள்.